நம்பர் அட்டையில், சிகரெட் லூசில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே எனக்கு மாதக் கணக்கு. சம்பளம் வந்த அன்று கடைக்கார அண்ணன் நோட்டைப் பார்த்துக் கூட்டி, ஒரு துண்டு அட்டையில் எழுதிக் கொடுப்பார். காலி சிகரெட் பாக்கெட்டைக் கிழித்து விரித்தால் உள்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், அதுதான் அவருடைய பில் புத்தகம். ஒரு மாதம் தொகை கொஞ்சம் உதைத்தது. பிரித்து எழுதுங்கண்ணே என்றேன். டீ இவ்வளவு, வடை இவ்வளவு என்று எழுதிவிட்டு, சிகரெட் என்று போட்டு நாலாயிரத்தை ஒட்டி ஒரு எண்ணை எழுதினார். நான் ஒன்றும் பேசாமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் அழுகிப்போன அந்தப் படம். படத்தோடு ஒட்டி, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் 1800-11-2356.

இன்றே விடுங்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி. 2018 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் விற்கிற எல்லாப் புகையிலைப் பாக்கெட்டிலும் இந்த எண் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பத்தொன்பது வருடம் சிகரெட் பிடித்தவன் நான். அந்த எண் வந்த பிறகும் வருடக்கணக்கில் பிடித்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கண்ணில் பட்டதில்லை.

ஏன் என்றால் நான் பாக்கெட் வாங்குகிற ஆளே இல்லை. எங்கள் லைனில் யாருமே இல்லை. 'அண்ணே ஒண்ணு' என்றால் அவர் டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார், கடை ஓரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டரை இழுத்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியதுதான். அட்டைப் பெட்டி அவர் பக்கம், சிகரெட் என் பக்கம். பாக்கெட்டில் 85 சதவீதத்தை அடைக்கிற படமும் எச்சரிக்கையும், அந்த எண்ணும் எல்லாம் கடைக்காரருக்குத்தான் தெரியும், அவரோ வெற்றிலை பாக்குகூடப் போடாதவர். அரசாங்கம் இவ்வளவு மெனக்கெட்டு அனுப்பிய கடிதம் விலாசம் மாறி, சிகரெட்டையே தொடாத ஒரு மனிதர் கையில் தினமும் இருபது முப்பது தடவை போய்ச் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அதற்கு முன்பு விடவே முயற்சி செய்யவில்லையா என்றால், செய்யாமல் என்ன. ஜனவரி ஒன்று, பிறந்தநாள், மகள் பிறந்த நாள், எல்லா நாளும் பார்த்தாகிவிட்டது. 2016-17-இல் எடுத்த உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட நினைக்கிறோம் அல்லது விடத் திட்டமிட்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேல். டீக்கடை வாசலில் நிற்கிற பத்துப் பேரில் ஐந்தாறு பேர் மனசுக்குள் விட்டுக்கொண்டே பிடிக்கிறவர்கள் என்று அர்த்தம். இது வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. விடச் சொல்லி அறிவுரை தருகிறார்களே தவிர, எங்கே போய் விடுவது என்று யாரும் சொல்வதில்லை.

டாக்டர் விஷயமும் அப்படித்தான். ஒருமுறை இருமல் நிற்கவில்லை என்று பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டே 'ஸ்மோக் பண்றீங்களா' என்றார், ஆமாம் என்றேன், 'விட்டுடுங்க' என்றார். மொத்தம் நான்கு விநாடி. அப்புறம் சீட்டில் மூன்று மாத்திரை எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1-0-1, சாப்பாட்டுக்குப் பின் என்று அழகாகக் குறித்துக் கொடுத்தார். இருமலுக்கு வழிமுறை சீட்டில் இருந்தது, சிகரெட்டுக்கு வெறும் வாய்வார்த்தை. அதே கணக்கெடுப்பில், மருத்துவரிடம் போன புகைப்பாளர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் விடச் சொல்லி ஆலோசனையே கிடைத்திருக்கிறது. நான் அந்த அதிர்ஷ்டசாலிகள் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் உண்மையிலேயே சிகரெட் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு சமயத்தில்தான், ஐயப்பனுக்கு மாலை போட்டபோது. நாற்பத்தெட்டு நாள். (மாலையோடு மறைவில் தம் அடிக்கிற சாமிகளும் உண்டு, எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.) இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. நிக்கோட்டின் உடம்பில் நிற்கிற நேரம் குறைவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். விட்டவனுக்கு இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சகட்டம், எரிச்சல், தூக்கமின்மை, காலையில் வயிறு போகாத அவஸ்தை எல்லாம் அப்போதுதான். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் மாலையைக் கழற்றிய அன்று என் உடம்பு எப்போதோ விட்டாகிவிட்டது. ஆனாலும் மலையிலிருந்து இறங்கி வந்த வழியில், ஒரு ஹோட்டல் வாசலில், டீ டம்ளரைக் கையில் வாங்கின அடுத்த நிமிடம் மறு கையில் சிகரெட் இருந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்றுகூட நினைவில்லை.

அந்த நாற்பத்தெட்டு நாளில் அப்படி என்ன இருந்தது? தொடங்குகிற தேதி ஒன்று முன்கூட்டியே இருந்தது. கழுத்தில் அடையாளம் இருந்தது, அதனால் ஊருக்கே தெரிந்தது. டீக்கடை அண்ணன் நான் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார், 'சாமி, என்ன சாமி நீங்க' என்று சிரித்திருப்பார். சாயங்காலம் பஜனைக்கு வரவில்லை என்றால் குருசாமி போன் போடுவார். கழற்றிய பிறகு யாரும் போன் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, அவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான், மாலையும் இருமுடியும்தான் இல்லை.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். டெல்லி எண் மாதிரி இருக்கிறதே, இந்தியில் பேசுவார்களோ என்று ஒரு தயக்கம். தேடிப் பார்த்ததில், 2016-இல் டெல்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய சேவை, 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாட்டா நினைவு மையம், குவாஹாட்டி புற்றுநோய் நிறுவனம் என்று இன்னும் மூன்று இடங்களுக்கு விரிந்திருக்கிறது. தமிழ் உட்பட தென்னிந்திய மொழிகளுக்கு பெங்களூரு. காசு கிடையாது. காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கட்கிழமை விடுமுறை. ஊரில் பாதிப் பேர் 'திங்கள்லேர்ந்து விட்டுடறேன்' என்று சொல்கிறவர்கள், அவர்களுக்கென்று பார்த்து அன்றைக்கு விடுமுறை வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. ஒரு ஞாயிறு மதியம் மொட்டைமாடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

பேசியது ஒரு பெண். கேன்சர், நுரையீரல், குடும்பம், குழந்தை என்று பாடம் எடுப்பார் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. பத்து நிமிடம் என்றேன். யாரோடு, எங்கே நின்று, டீக்கு முன்பா பின்பா, எந்த ஒரு சிகரெட்டை விடுவதுதான் ரொம்பக் கஷ்டம் என்று நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர்களுக்குப் பிடிமானம் ஜாஸ்தி, வெறும் மன உறுதியை நம்பி இறங்காதீர்கள் என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வார்த்தையில் பெரிய பாரம் இறங்கியது. அதுவரை நான் ஒரு கோழை என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தேதி குறிக்கச் சொன்னார். வியாழக்கிழமை என்றேன். சரி, வியாழக்கிழமை நானே கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். 'கவுன்சிலர்கிட்ட பேசினேம்மா, சிகரெட்டை விடறதுக்கு.' அம்மா நிமிர்ந்து பார்த்து, 'எந்த வார்டு கவுன்சிலருடே? அவனே பொழுதுக்கும் ஊதிக்கிட்டுத் திரியுதான்' என்றார். கவுன்சலிங் கொடுப்பவருக்குத் தமிழில் நமக்கு இருக்கிற சொல் இப்படித்தான் வார்டு மெம்பரோடு போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆலோசகர் என்றால் யாரோ ஐஏஎஸ் ஓய்வு பெற்றவர் மாதிரி இருக்கிறது.

இடையில் நேரில் போய் யாரையாவது பார்க்கலாம் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், எது என்று சொல்லப்போவதில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போக முடியும், ஓபி காலையில்தான். சீட்டு போடும் இடத்தில் 'என்ன செய்யுது' என்றார்கள். 'சிகரெட்டை விடணும்.' சீட்டு எழுதியவர் பேனாவை நிறுத்திவிட்டு, வேறு ஏதாவது சொல்லு என்பது மாதிரி பார்த்தார். பின்னால் நின்ற பாட்டி 'விட வேண்டியதுதானேய்யா' என்றார், நியாயமான கேள்வி. நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மனநலப் பிரிவு, அங்கிருந்து பல் பிரிவுக்குப் பக்கத்தில் ஓர் அறை. அறை இருந்தது, சுவரில் போஸ்டர் இருந்தது, கதவில் பூட்டு இருந்தது. பார்க்கிற ஆள் முகாமுக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வாங்க. வெளியே வந்து கேட் பக்கத்தில், எதற்காக வந்தேனோ அதையே ஒன்று பற்றவைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெட்டிக்கடை இருபது அடிகூட இருக்காது.

சேவை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2002-இலேயே நாடு முழுக்க 13 இடங்களில் புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கியபோது அதில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஒன்று. பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று மையம் வைக்க வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் சிகரெட்டை விட நினைக்கிற நாற்பது வயதுக்காரனை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் அவன் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பல்லே வலிக்காதவன் பல் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போவான்? மனநலப் பிரிவு பற்றிச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் நோய் வந்த பிறகு போகிற வாசல்கள். நான் நோய் வருவதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அந்தப் பக்கம் வாசல் எதுவும் கண்ணில் படவில்லை.

நிக்கோட்டின் சூயிங்கம் கதை வேறு. 2 மில்லிகிராம் என்றால் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள், 4 என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். முதல் மூன்று கடையில் இல்லை. நான்காவது கடையில் இருந்தது, அட்டையாகத்தான் தருவோம் என்றார்கள், ஒரு வில்லை பத்து ரூபாய்க்கு மேல் வந்தது. சிகரெட் ஒன்று ஒன்றாகக் கிடைக்கிறது, விடுவதற்கான மருந்து முழு அட்டையாகத்தான் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது, நம் நாட்டுப் பட்டியலில் 2022-இல் வந்தது.

வாங்கினவன் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று தள்ளினேன். விக்கல், நெஞ்செரிச்சல், தொண்டையில் மிளகாய் வைத்த மாதிரி. இது வேலைக்கு ஆகாது என்று தூக்கிப் போடப் போனேன். அடுத்த போனில் அந்தப் பெண்தான் சொல்லிக்கொடுத்தார். மெதுவாக நாலைந்து மெல்லு, காரமாகச் சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கு, சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லு, இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாய்த் தோல் வழியாகத்தான் இறங்க வேண்டும், விழுங்கினால் வயிற்றுக்குத்தான் கேடு. புகையிலையை அடக்கிக்கொள்கிற நம் ஊர்ப் பாட்டிகளுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! இன்னொன்றும் சொன்னார், டீ காபி குடித்துக் கால் மணி நேரத்துக்குள் இதைப் போடாதீர்கள், வாய் புளிப்பாக இருந்தால் உள்ளே இறங்காது. எனக்கு வெறி எடுப்பதே டீ குடிக்கும்போதுதான். ஆக, டீக்கு முன்பே கம்மை மென்று முடித்துவிட்டு டீக்கடைக்குப் போக வேண்டும் என்று நேரத்தை மாற்றினோம். மருந்து மெடிக்கலில் இருந்தது, அதை எப்படி மெல்லுவது என்பது பெங்களூரில் இருந்தது.

விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் வழுக்கினேன், மறுபடி எழுந்தேன், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

மாமா கதைதான் இதை எழுத வைத்தது. எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அம்மா முப்பது வருடம் பீடி சுற்றியவர். மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் நறுக்கிய இலை, ஒரு பக்கம் தூள், கண் டிவியில் இருக்கும், கை தன்பாட்டுக்குச் சுற்றி, மடக்கி, நூல் போட்டுக்கொண்டிருக்கும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் நோட்டு வாங்கிப் படித்தவன் நான், ஆகையால் பீடி மேல் எனக்குக் கோபப்படும் தகுதி இருக்கிறதா என்றுகூடச் சந்தேகம் உண்டு. அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எழுபதைத் தொட்டவர், நாளைக்கு இரண்டு கட்டு. மூச்சு இரைக்கிறது, நாலு படி ஏற முடியவில்லை. நான் விட்ட வேகத்தில் அவரையும் விட வைத்துவிடலாம் என்று கம் அட்டையோடு ஊருக்குப் போனேன். மாமா வாயைத் திறந்து காட்டினார். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. 'இதை வச்சு நான் என்னத்தடே மெல்ல, மருமவனே?'

ஒரு கம் விலையில் அவர் பத்துப் பீடி பிடிப்பார், அது வேறு கணக்கு.

பீடிக்கட்டிலும் அந்த எண் உண்டு. மாமா லூசில் வாங்குவதில்லை, கட்டாகத்தான் வாங்குகிறார், ஆக என்னை மாதிரி அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்று நினைத்துக் கேட்டேன். மாமா கட்டை எடுத்து நீட்டினார். பிரிக்கிற இடமே அதுதான், எண்ணுக்கு நடுவில் நகத்தை வைத்துக் கிழித்திருந்தார். பாதி இங்கே, பாதி தரையில். கிழிக்காமல் இருந்தாலும் அந்தப் பொடி எழுத்தை அவர் கண்ணாடி இல்லாமல் படிக்கப்போவதில்லை.

ஒரு தாளில் பெரிதாக எழுதினேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதற்கு இது போதும், இன்டர்நெட் வேண்டாம், ஆப் வேண்டாம். மாமாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதைக் கொண்டுவருகிற பெண் வந்த நாளாக அன்று அமைந்தது. தாளைப் பார்த்துத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார், இந்தத் தெருவில் இன்னும் மூணு பேருக்கு வேணும் என்றார். எனக்கு அப்போதுதான் பட்டது, ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் மாதா மாதம் போய் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் பையில் தோலில் ஒட்டிக்கொள்கிற நிக்கோட்டின் பட்டை ஒரு அட்டையும் நோட்டில் 'பீடி எத்தனை' என்று ஒரு கட்டமும் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அதே மாதிரி டீக்கடையில் லைட்டர் தொங்குகிற கயிற்றிலேயே அந்த எண்ணையும் ஒரு தகட்டில் அடித்துத் தொங்கவிடலாம். லூஸ் விற்பனையைத் தடை செய்வது என்று ஒன்று இருக்கிறது, கர்நாடகம் 2017-இல் செய்தது, மகாராஷ்டிரம் 2020-இல் செய்தது, இங்கேயும் செய்யலாம்தான், ஆனால் எங்கள் அண்ணன் கடையில் அது ஒரு வாரம் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தகடு தாங்கும்.

அன்றைக்கு மாமாவுக்கு நானே எண்ணை அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தவர் என்னிடம் பேசிய அதே ஆள் இல்லை, வேறு ஒரு பெண். 'ஐயா, காலையில எழுந்ததும் முதல் பீடி எப்போ?' மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எந்திரிக்கதே அதுக்குத்தானேம்மா' என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அப்புறம் அரை மணி நேரம் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் இரண்டு பேரும் பேசினார்கள். பீடி இல்லாமல் வெளிக்கு வராது என்று ஐம்பது வருடமாக நம்பிக்கொண்டிருப்பதைக்கூட மாமா கூச்சமில்லாமல் சொன்னார், அதற்கு அவர் சுடுதண்ணீர், கொய்யாப்பழம் என்று என்னவோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா இன்னும் முழுசாக விடவில்லை. இரண்டு கட்டு அரைக் கட்டாகியிருக்கிறது என்று அவர் சொல்கிறார், அத்தை ஒரு கட்டு என்கிறார். ஆனால் அந்தப் போன் வருகிற அன்று காலையிலேயே சவரம் செய்துகொள்கிறாராம். போன் அடித்ததும் முதலில் கையில் இருக்கிற கட்டை எடுத்து ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி ஒளித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் பட்டனை அமுக்கி 'சொல்லும்மா' என்கிறாராம். போனில் தெரியவா போகுது என்று அத்தை கேட்டால் 'நீ சும்மா கெட' என்கிறார்.